பதினொன்று இடது, ஒன்பது வலது

என் சகலை கண்ணாடி முன்னால் நின்றால், உள்ளே தெரிகிற ஆளைப் பார்த்து "யாருய்யா நீ?" என்று கேட்பாராம். பண்ணையில் இப்படி ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே நான்தான், ஆனால் அதில் பொய் கொஞ்சம்தான். தொட்டித் தண்ணீரின் சூட்டைப் பார்க்க அவர் இரண்டு தெர்மாமீட்டர் வைத்திருந்தார். ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்குமாம். ஒருநாள் இரண்டும் வேறு வேறு எண் காட்டின. எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க மூன்றாவது ஒன்று வாங்கினார். மூன்றும் ஒரே எண்ணைக் காட்டிய அன்று, "மூணும் கூட்டு சேந்துக்கிச்சு" என்றார்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். ஐம்பத்திரண்டு வயது, ஒட்டடைக்குச்சி உடம்பு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும். அதனால் பண்ணையில் எல்லோருக்கும் அவர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபப்பட மாட்டார். யார் வைத்த பெயர் என்றுதான் விசாரிப்பார். அதுவும் நான்தான். அவருக்கு அது இன்றுவரை தெரியாது.

என் கல்யாணத்துக்கு முன்னால் அவர் என்னை மூன்று மாதம் விசாரித்தார். நான் அப்போது வேலை பார்த்த படகுத்துறைக்கு வந்து, எனக்குத் தெரியாமல் என் மேஸ்திரியிடம் பேசினார். நான் பல் பிடுங்கிக்கொண்ட டாக்டரிடம்கூடப் போயிருக்கிறார். பல்லில் என்ன தெரியும் என்று பிற்பாடு கேட்டேன். "ராத்திரி பல்லக் கடிக்கிற ஆளு மனசுல எதையோ வெச்சிருப்பான்" என்றார். மூன்றாம் மாதக் கடைசியில் மாமனாரிடம் போய், "ஆள் சுத்தம், குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அதோடு சரி. பதினேழு வருஷம் ஆகிறது, என்னை மறுபடி அவர் சந்தேகப்பட்டதே இல்லை. எனக்கென்று வைத்திருந்த சந்தேகம் முழுவதையும் முன்கூட்டியே தீர்த்துக்கொண்டார் என்று நினைத்துக்கொள்வேன். தன் பெண்டாட்டி சொல்லும் கணக்கை இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிற மனிதர், என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எடுத்துக்கொள்வார். எனக்கு அதில் உள்ளுக்குள் பெருமை. இல்லை என்று சொன்னால் அது பொய்.

நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்ப்பது கடலில் கூண்டு போட்டுக் கொடுவா மீன் வளர்க்கிற பண்ணையில். கரையிலிருந்து பார்த்தால் தண்ணீர்மேல் ஆறு கறுப்பு வளையங்கள் மிதக்கும். ஒவ்வொரு வளையத்துக்கும் அடியில் பெரிய பை மாதிரி வலை தொங்கும், மீன் அதற்குள். நான் படகுக்காரன். தீனி கொண்டுபோவது, வலை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பது, ஆளை ஏற்றி இறக்குவது எல்லாம் என் வேலை. எங்கள் வளையங்களைத் தாண்டி, நீரோட்டம் போகிற திசையிலேயே, நான்கு குடும்பங்கள் சின்னச் சின்னக் கூண்டுகள் வைத்திருக்கின்றன. எங்கள் கூண்டைத் தொட்ட தண்ணீர்தான் அடுத்து அவர்கள் கூண்டுக்குள் போகும். கடலில் மதில் கட்ட முடியாதே.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஐந்து குடும்பம் இருந்தது. அந்த வருஷம் முதலாளி மீன்குஞ்சு வாங்கி, லாரி வந்த அன்றைக்கே கடலில் விடச் சொன்னார். நான்தான் கொண்டுபோய் விட்டேன். ஒன்பதாம் நாள் குஞ்சுகள் சுழல ஆரம்பித்தன. தலைகீழாக, பக்கவாட்டாக, பம்பரம் மாதிரி ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி, அப்படியே மேலே வந்து மிதந்தன. அப்புறம் பக்கத்துக் கூண்டு, அதற்குப் பக்கத்துக் கூண்டு என்று போனது. எட்டு நாள் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். ஐந்தாவது குடும்பம் கூண்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேறு பிழைப்புத் தேடிப் போயிற்று. அந்த வீட்டு அம்மா போகும்போது எங்களைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை, பேசாமல் போனார்.

அதற்குப் பிறகுதான் மீன் டாக்டரம்மா வந்தார். மாதம் இரண்டு தடவை வருவார், கெடுபிடியான மனுஷி. "இது வைரஸ். இதுக்கு மருந்து கிடையாது. பயத்துல கண்ட மருந்தக் கொட்டினா மீனும் தேறாது, கடலும் கெட்டுப்போகும். வாசல்லயே நிறுத்தணும், அவ்வளவுதான் வைத்தியம்" என்றார். முதலாளி கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டார். புதிதாக வாங்கும் குஞ்சு எதுவாக இருந்தாலும் இருபத்தொரு நாள் அங்கே தனியாக இருக்க வேண்டும், பிறகுதான் கடல். அந்த வாசலுக்கு ஒரு காவல்காரர் வேண்டும் என்றபோது, பண்ணையில் எல்லோர் கையும் ஒரே ஆளைத்தான் காட்டின.

சகலைக்கு அந்த வேலை அளவெடுத்துத் தைத்த சட்டை. ஒரே கதவு, ஒரே பூட்டு, ஒரே சாவி. கதவடியில் மருந்துத் தண்ணீர்த் தட்டு, அதில் கால் வைத்து முப்பது எண்ணாமல் முதலாளியே உள்ளே வர முடியாது. சகலை வாய்விட்டு எண்ணுவார், முதலாளி வேகமாக எண்ணினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். கொட்டகைக் கைவலை வெளியே போகக் கூடாது, வெளி வாளி உள்ளே வரக் கூடாது. தொட்டித் தண்ணீர் கடலுக்குப் போகாமல் தனிக் குழியில் விழுந்து, அங்கே குளோரின் போட்ட பிறகுதான் வெளியேறும். "வீட்ல இந்தக் குணத்துக்குத் திட்டு வாங்குறாரு, அங்க இதுக்கே சம்பளம் வாங்குறாரு" என்பார் அவர் மனைவி. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன்.

காவல் மீன் பற்றிச் சொல்ல வேண்டும், கதையே அதில்தான் இருக்கிறது. புதுக் குஞ்சுகளின் தொட்டியில் நடுவே ஒரு வலைத் தடுப்புப் போட்டு, அந்தப் பக்கம் எங்கள் கடல் கூண்டிலிருந்து நல்ல மீனாக இருபதை விடுவோம். முழங்கை நீளம் இருக்கும். தண்ணீர் ஒன்றுதான். வந்த குஞ்சுகளிடம் வெளியே தெரியாமல் நோய் இருந்தால், அது எங்கள் மீனுக்கு ஒட்டும், காட்டிக்கொடுத்துவிடும். ஒரு காவல் மீன் செத்தாலும் உடனே டாக்டரம்மாவுக்குச் சொல்ல வேண்டும். செத்ததை ஐஸில் வைத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இதுதான் சட்டம்.

அந்த இருபது மீனுக்கும் அடையாளம் வைக்க வேண்டும் என்று சொன்னது சகலை. "செத்தத எடுத்துட்டு எவனாவது வேற மீனப் போட்டுட்டா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மீனின் வயிற்றில் இரண்டு பக்கமும் சின்னத் துடுப்பு இருக்கும். இடது துடுப்பின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னார். அதற்கு மேல் யாரும் அதைப்பற்றி யோசிக்கவில்லை.

இந்த வருஷம் பன்னிரண்டாயிரம் குஞ்சு வந்தது. பதின்மூன்றாம் நாள் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேண்டும். சகலை இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். முதலாளியிடம் கொடுக்கவில்லை, டாக்டரம்மாவிடம் கொடுக்கவில்லை. "நீ பாத்துக்குவ" என்றார். எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. கழுவுற அக்கா, அதாவது பண்ணையில் தொட்டியும் தரையும் கழுவுகிறவர், அதைப் பார்த்துவிட்டு, "மழை வரப்போகுது" என்றார்.

அன்று சாயங்காலம் காவல் மீனுக்குத் தீனி போட்டேன். மேலே மூடுகிற வலைக்கு நான்கு மூலையில் நான்கு கொக்கி. மூன்றை மாட்டியபோது போன் வந்தது, படகு என்ஜினைப் பார்க்க மெக்கானிக் வந்து நிற்கிறான், போகப்போகிறேன் என்கிறான். ஓடினேன். நான்காவது கொக்கி மாட்டவில்லை என்பது மறுநாள் காலை கதவைத் திறந்தபோதுதான் நினைவு வந்தது. சிமென்ட் தரையில் ஒரு மீன் கிடந்தது. காய்ந்து, கண்ணில் எறும்பு. தொட்டியில் எண்ணினேன். பத்தொன்பது.

உள்ளதைச் சொல்கிறேன், நோய் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. கொடுவா துள்ளுகிற ஜாதி. மூலை திறந்திருந்தது, துள்ளி விழுந்துவிட்டது, என் கவனக்குறைவு. இவ்வளவுதான் தெரிந்தது. கண் முன்னால் வந்தது ஒரே ஒரு விஷயம், சகலையின் முகம். சாவி கொடுத்து ஒரே ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. "ஆள் சுத்தம்" என்று சொன்ன வாய் இனி என்ன சொல்லும்? நாற்பத்தைந்து வயதில், பள்ளிக்கூடத்தில் சிலேட்டை உடைத்த பையன் மாதிரி வியர்த்தேன்.

மீனைச் சாக்கில் சுற்றிப் படகில் போட்டேன். மூன்றாம் கூண்டுக்குப் போகிற வழியில் தண்ணீரில் வீசினேன். எந்தத் துடுப்பு வெட்டியிருக்கிறது என்று பார்க்கக்கூட இல்லை, எதற்குப் பார்க்க வேண்டும், எல்லாம் இடதுதானே. மூன்றாம் கூண்டில் அதே அளவு மீன் ஒன்றைப் பிடித்து, நகவெட்டியால் இடது வயிற்றுத் துடுப்பின் நுனியை வெட்டி, ஈரச்சாக்கில் கொண்டுவந்து தொட்டியில் விட்டேன். நீந்தியது. இருபது. நான்கு கொக்கியையும் மாட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட திருப்தியோடு டீ குடிக்கப் போனேன்.

பதினைந்தாம் நாள் சகலை வந்தார். சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "எல்லாம் சரிதானே?" என்றார். சரி என்றேன். எண்ணிப் பார்க்கவில்லை. நான் சொன்னால் போதும்.

பத்தொன்பதாம் நாள் காவல் மீன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எடை பார்க்க வேண்டும். அன்று மத்தியானம் நான் படகை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். சகலை வந்து என் தோளைத் தொட்டார். கை சில்லென்று இருந்தது.

"சகலை, கொட்டகைக்குள்ள எவனோ வந்திருக்கான்."

"எப்படிச் சொல்றீங்க?"

சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "எல்லார்கிட்டயும் இடது துடுப்புன்னு சொன்னேன்ல? பொய். பத்து மீனுக்கு இடது, பத்து மீனுக்கு வலது. யாருக்கும் சொல்லல, உங்க அக்காவுக்குக்கூடச் சொல்லல. இன்னைக்கு எண்ணுறேன், பதினொண்ணு இடது, ஒம்போது வலது. ஒரு வலது போய், ஒரு இடது வந்திருக்கு."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. அப்படி நின்றேன். "வெட்டு புதுசா பழசான்னு தெரியுமே" என்று நான் கேட்டது, இப்போது நினைத்தால், என் கழுத்துக்கு எவ்வளவு கயிறு இருக்கிறது என்று அளந்து பார்க்கத்தான்.

"அஞ்சாறு நாள்ல ஆறிப்போகும். லென்ஸ்ல பாத்துட்டேன், எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எவனோ விவரமான ஆளு" என்றார்.

விவரமான ஆள் நான், படகுக் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

அடுத்த இரண்டு நாளை என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். சகலைக்குத் துப்பறிய ஒரு துணை வேண்டியிருந்தது, நம்பிக்கையான துணை. வேறு யார்? முதலில் தீனிக்காரர். அவர் மூட்டை இறக்க வரும்போது ஜன்னல் பக்கம் எதற்கு நின்றார் என்று சகலை கேட்டார். நிழலுக்கு என்றார் தீனிக்காரர். அந்த நேரத்தில் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று என்னை நிற்கவைத்துச் சோதித்தார். நிழல் அந்தப் பக்கம்தான் விழுந்தது. "நேரத்த மாத்திச் சொல்றான்" என்றார். அடுத்தது கழுவுற அக்கா. அவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"உங்க மீன மாத்தி நான் என்னங்க பண்ணப் போறேன்? கம்மல் போட்டுப் பாக்கவா?"

"சிரிச்சுப் பேசுறவங்களத்தான் ஜாஸ்தி பாக்கணும்" என்று என் காதில் சொன்னார் சகலை. அந்த அம்மாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பதினொரு வருஷம் அந்தத் தரையைக் கழுவியவர். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். துடைப்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்ததோடு சரி. என் கோழைத்தனத்துக்கு அன்று அந்த அம்மாவும் விலை கொடுத்தார்.

கடைசியில் முதலாளியையே சந்தேகப்பட்டார். "அவருக்குத்தான் அவசரம். இருபத்திரண்டாம் நாள் குஞ்சு கடலுக்குப் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. மீன் ஏதாவது செத்திருந்தா அவருதான் மறைப்பாரு."

"ஆனா அவருகிட்ட சாவி இல்லையே" என்றேன்.

"அதான் எனக்கும் புரியல. அந்த ரெண்டு நாளும் சாவி உன்கிட்ட இருந்துச்சு. அதனால கதவு வழியா எவனும் வந்திருக்க முடியாது" என்றார். நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். "தகரத்தப் பிரிச்சுதான் இறங்கியிருக்கான்."

ஏணி போட்டுக் கூரையில் ஏறினோம். வெயிலில் தகரம் கொதித்தது. ஒவ்வொரு ஆணியாக லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார், நான் பின்னால் தவழ்ந்தேன். ஒரு மீனின் அளவு ஓட்டைகூட இல்லாத கூரையில், மனிதன் இறங்கிய வழியைத் தேடினார். என்னைச் சந்தேகப்படுவதைவிட அவருக்கு அது சுலபமாக இருந்தது. எனக்கு உள்ளங்கை சுட்டதா நெஞ்சு சுட்டதா தெரியவில்லை.

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ் பூதக்கண்ணாடி, நீயே அன்னைக்குப் பதினொண்ண வெட்டிட்டு இப்ப ஊரக் கூட்டுறியா? மீன் இருபதும் உசுரோட இருக்கா? தீனி எடுக்குதா? அப்பறம் என்னய்யா?" டாக்டரம்மா வெளியூரில் இருந்தார். போனில் கேட்டதற்கு, சாவு எதுவும் இல்லை என்றால் நாள் முடிந்ததும் விடலாம், ஆனால் காவல்காரர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

இருபத்தொன்றாம் நாள் மாலை கொட்டகைக்குப் போனேன். சகலை தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காகிதத்தில் வெட்டிய இருபது மீன். இடது கையில் பிடித்து, வலது கையில் கத்தரியோடு, அன்று எப்படி வெட்டினோம் என்று செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அன்னைக்கு எண்ணினேனா சகலை? எண்ணின மாதிரிதான் ஞாபகம். ஆனா ஞாபகத்த எப்படி நம்புறது? உங்க அக்கா ஆபரேஷன் கவலை வேற மனசுல இருந்துச்சு. முதலாளி சொல்றதுதான் சரியோ என்னமோ. வயசாகுதில்ல." காகித மீன்களை அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டார். "நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்."

ஊரையே சந்தேகப்பட்டபோது அவர் தெம்பாகத்தான் இருந்தார். தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்ததும் இரண்டு நாளில் பத்து வயது கூடியிருந்தது. அதைச் செய்தவன் நான். கூடவே அப்போதுதான், அவ்வளவு தாமதமாக, எனக்கு இன்னொன்று உறைத்தது. நல்ல மீன் எதற்குத் துள்ளும்? மற்ற பத்தொன்பதும் ஏன் துள்ளவில்லை? திறந்த மூலை எல்லா மீனுக்கும்தானே திறந்திருந்தது?

வீட்டில் சோறு இறங்கவில்லை. "என்ன, பறிகொடுத்த மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி. ஒன்றுமில்லை என்றேன். சொல்லாவிட்டால் நாளைக் காலை அந்தக் குஞ்சுகள் கடலுக்குப் போகும். நோய் இருந்தால் ஆறு கூண்டும், அதைத் தாண்டி நான்கு குடும்பமும் போகும். சொன்னால் சகலையின் நம்பிக்கை போகும். தராசில் வைத்தால் எது கனம் என்று குழந்தைக்கும் தெரியும். இருந்தும் விடியும்வரை எடை போட்டேன் என்பதுதான் என் லட்சணம்.

காலையில் படகில் தொட்டிகளை ஏற்றி, காற்றுக் குழாய் மாட்டி, துறையில் கட்டியிருந்தேன். முதலாளி வந்துவிட்டார். சகலை பலகையில் காகிதத்தை வைத்துப் பேனா மூடியைத் திறந்தார்.

"சகலை, போடாதீங்க. அந்தப் பதினோராவது இடது நான் வெட்டினது."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு முகம் இளகியது. மெதுவாகச் சிரித்தார்.

"எனக்காக உன் தலையில போட்டுக்காத. தப்பா எண்ணினது நான். நாலு பேரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும்."

அவர் நம்பவில்லை! பதினேழு வருஷம் நான் சொன்ன எல்லாவற்றையும் நம்பியவர், முதல்முதலாக நம்பாமல் போனது நான் வாய்விட்டுச் சொன்ன உண்மையை. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூன்று கொக்கி, மெக்கானிக், எறும்பு, சாக்கு, நகவெட்டி. நகவெட்டியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். நகவெட்டியைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். முதலாளிதான் திட்டினார், "வேலியே பயிர மேஞ்சா வெளங்குமாய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். சகலை குரலை உயர்த்தவே இல்லை.

"விழுறதுக்கு முந்தின நாள் அது சுத்துச்சா?"

"பாக்கல சகலை."

"தனியா ஒதுங்கி நின்னுச்சா? தீனி எடுத்துச்சா?"

"கவனிக்கல."

"செத்தத எங்க போட்ட?"

கையை நீட்டி, மூன்றாம் கூண்டுப் பக்கம் கடலைக் காட்டினேன். அவர் அப்படியே துறைப் படியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு நாள் கதவு, பூட்டு, மருந்துத் தட்டு, தனிக் குழி என்று அவர் காத்ததை, எட்டு நாள் மிச்சம் இருக்கும்போதே நான் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய்க் கடலில் போட்டிருக்கிறேன்.

குஞ்சு இறங்கவில்லை. டாக்டரம்மா மறுநாளே வந்து, குஞ்சுகளிலும் காவல் மீன்களிலும் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நான்கு நாளில் பதில் வந்தது. குஞ்சுகளில் நோய் இருந்தது. காவல் மீன்களில் மூன்றுக்கு ஒட்டியிருந்தது. பெரிய மீனாக இருந்ததால் வெளியே இன்னும் தெரியவில்லையாம். "இது கூண்டுக்குப் போயிருந்தா நாலு வருஷத்துக்கு முந்தி நடந்ததவிட மோசமா இருந்திருக்கும்" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். பன்னிரண்டாயிரம் குஞ்சையும் மயக்க மருந்து கலந்த தண்ணீரில் விட்டோம். சகலை மருந்து கலந்தார், நான் குழி வெட்டினேன். சுண்ணாம்பு போட்டு மூடினோம்.

முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கடைசி நேரத்திலாவது சொன்னதற்காக என்றார். கொட்டகைக்குப் பத்தடி தூரத்தில் என் நிழல் விழக் கூடாது என்றார். கழுவுற அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்கு இது தேவையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கழுவப் போய்விட்டார்.

மிச்சம் இருந்தது அந்த ஒரு மீன். அதை நண்டு தின்றதா, கூண்டு வலையில் உரசிக்கொண்டு போனதா, யாருக்குத் தெரியும்? முப்பது நாள் கூண்டுகளைப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஒவ்வொரு காலையும் சகலை என் படகில் ஏறினார். முன்பக்கம் எனக்கு முதுகைக் காட்டி உட்காருவார். ஒவ்வொரு கூண்டிலும் குனிந்து, மீன் சுழல்கிறதா, ஒதுங்குகிறதா என்று அரைமணி நேரம் பார்ப்பார். அந்த நான்கு குடும்பத்துக்காரர்களும் தங்கள் கூண்டின்மேல் நின்றுகொண்டு எங்களைப் பார்ப்பார்கள். செய்தி அவர்களுக்கும் போயிருந்தது. ஒருநாள் பெரிய மீன் ஒன்று பக்கவாட்டாகத் திரும்பியது, நான் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அது தீனிக்குத் திரும்பியிருந்தது. நான் வழக்கம்போல் ஏதாவது கிண்டல் செய்து பார்த்தேன். அவர் காதில் விழாத மாதிரி இருந்தார். திட்டினால் தாங்கலாம், இது தாங்க முடியவில்லை.

மூன்றாம் கூண்டில் இரண்டு தடவை மாதிரி எடுத்தார்கள். முப்பத்தொன்றாம் நாள் டாக்டரம்மா போன் செய்தார். ஒன்றும் இல்லை, எல்லாக் கூண்டும் சுத்தம். படகில் இருந்தபடியே நான் போனைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். தூரத்துக் கூண்டுகளைப் பார்த்துக் கையை ஆட்டினேன், அவர்களும் புரிந்துகொண்டு துணியைச் சுழற்றினார்கள்.

கரைக்குத் திரும்பும்போது சகலை என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். முப்பது நாளில் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, என்ஜினை அணைத்தேன்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளுங்க சகலை."

"அன்னைக்கு ஒரு மீன்தான் விழுந்துச்சா?"

"ஒண்ணுதான்."

"இல்ல, யோசிச்சுச் சொல்லு. நீ வெட்டினது எல்லாம் இடது. வலது மீன் செத்து நீ மாத்தினதாலதான் எனக்குத் தெரிஞ்சுது. இடது மீன் செத்து, நீ இடதயே வெட்டிப் போட்டிருந்தா எண்ணிக்கை மாறாது. அது ரெண்டா இருக்கலாம், மூணா இருக்கலாம். எனக்குத் தெரிய வழியே இல்ல." கோபமாகக் கேட்கவில்லை. தீனிக்காரரிடம் நிழலைப் பற்றிக் கேட்டாரே, அதே நிதானமான குரல். "ரெண்டு நாள் சாவி உன்கிட்ட இருந்துச்சு."

"ஒண்ணுதான் சகலை" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படகு நீரோட்டத்தில் மெல்லத் திரும்பியது.

"ஒண்ணேதானா?"

ஒன்றுதான் என்று மறுபடி சொன்னேன். அது சத்தியம். மூன்றாவது தடவையும் சொன்னேன். அந்த மூன்றாவது தடவை, எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.